70 என்ற எண் யாருக்கு? தாய் இறப்புக்கு இலக்கு வைக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

இந்தியாவின் சுகாதாரத் திட்ட ஆவணங்களில் 100 என்ற எண் பல ஆண்டுகள் அலைந்திருக்கிறது. ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்பதுதான் தாய் இறப்பு விகிதம். அதை 2010-க்குள் 100-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்றது 2000-ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகைக் கொள்கை. 2002-ன் தேசிய சுகாதாரக் கொள்கையும் அதையே சொன்னது. பதினோராவது ஐந்தாண்டுத் திட்டம் அதே 100-ஐ 2012-க்குத் தள்ளி வைத்தது. 2010–12-ல் வந்த கணக்கோ 178. பிறகு 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை மறுபடியும் 100 என்றது, இம்முறை 2020-க்குள். அது பலித்தது. 2018–20-ன் கணக்கு 97.

கடைசி முறை மட்டும் ஏன் பலித்தது? 2001–03-ல் 301 ஆக இருந்த விகிதம் 2011–13-ல் 167 ஆனது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதே வேகத்தில் போனால் 2020-ல் எங்கே நிற்போம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 104 வருகிறது. கொள்கை கேட்டது 100. எப்படியும் நடந்துகொண்டிருந்த ஒன்றுக்குத் தேதி குறித்தோம், அவ்வளவுதான். 2000-ல் வைத்த இலக்கு இதற்கு நேர் எதிர். 2001–03-ன் 301-லிருந்து 2010-க்குள் 100-க்கு இறங்க ஆண்டுக்கு 13 சதவீதம் குறைய வேண்டும். நாடு ஓடிய வேகத்தைப் போல இரண்டு மடங்கு. அந்த வேகத்தை எது தரும் என்று ஆவணத்தில் யாரும் கணக்குக் காட்டவில்லை.

ஆக, ஒரு முறை ஆசையை எழுதி வைத்தோம், இன்னொரு முறை முன்கணிப்பை எழுதி வைத்தோம். இரண்டுக்கும் பெயர் இலக்கு.

இப்போது 2030 நெருங்குகிறது. மாநிலங்களுக்கு எந்த எண்ணைக் கொடுப்பது, எந்த முறையில் கொடுப்பது என்ற கேள்வி மறுபடியும் மேசைக்கு வந்திருக்கிறது. இதை எண் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடி குழந்தைகள் பிறக்கின்றன. தாய் இறப்பு விகிதம் ஒரு புள்ளி கூடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 230 பெண்கள் கூடுதலாக இறக்கிறார்கள். கீழே நான் ஒப்பிடப் போகும் முறைகள் தரும் எண்களுக்கு இடையே சில நேரம் இருபது புள்ளி வித்தியாசம் வருகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எளிதான வழி, எல்லோருக்கும் ஒரே எண். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்கு, உலக அளவில் 70-க்குக் கீழே என்கிறது. அதை அப்படியே மாநிலங்களுக்கும் கொடுத்துவிடலாம். சொல்வது சுலபம், சுவரில் எழுதுவது சுலபம், ஏழை மாநிலத்துப் பெண்ணுக்கும் பணக்கார மாநிலத்துப் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் என்ற நியாயமும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், 2018–20-லேயே கேரளம் 19, மகாராஷ்டிரம் 33, தமிழ்நாடு 54. இவர்களிடம் 70 எதையுமே கேட்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார் இறப்பது ‘இலக்கை எட்டிய நிலை’ என்று ஓர் அறிக்கையில் பச்சை நிறம் பூசப்படும். அதே நேரம் 2018–20-ல் 195-ல் இருந்த அசாம் 2030-க்குள் 70-க்கு வர ஆண்டுக்கு 9 சதவீதம் குறைக்க வேண்டும். ஒருவருக்கு ஓய்வு, இன்னொருவருக்கு ஓட்டம்.

இரண்டாவது வழி, எல்லோருக்கும் ஒரே சதவீதம். 1990-லிருந்து 2015-க்குள் நான்கில் மூன்று பங்கு குறைக்க வேண்டும் என்று புத்தாயிரம் வளர்ச்சி இலக்குகள் சொன்னது இந்த வகை. அவரவர் நிற்கும் இடத்திலிருந்து அவரவர் நடக்கலாம் என்பதால் நியாயமாகத் தெரிகிறது. ஆனால் இதில் எல்லாமே தொடக்க எண்ணைப் பொறுத்தது, அந்தத் தொடக்க எண் எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்று பாருங்கள். 1990-ல் இந்தியாவின் விகிதம் 437 என்று எடுத்துக்கொண்டது மத்தியப் புள்ளியியல் அமைச்சகம். அப்படியானால் 2015-ன் இலக்கு 109. ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடோ 556. அப்படியானால் இலக்கு 139. தேர்ந்தெடுத்த ஊர்களில் பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து பதிவு செய்யும் எஸ்ஆர்எஸ் எனப்படும் மாதிரிப் பதிவு முறை 2014–16-க்குத் தந்த எண் 130. ஒரு கணக்கில் தேர்ச்சி, இன்னொரு கணக்கில் தோல்வி. இறந்த பெண்களின் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை.

1990-களில் தாய் இறப்பைக் கண்ணால் கண்டு எண்ணும் ஏற்பாடு நாட்டில் சரியாக இல்லை என்பதுதான் இதற்குக் காரணம். தேசியக் குடும்ப நல ஆய்வின் முதல் சுற்று 424 என்றது, ஆறு ஆண்டு கழித்து வந்த இரண்டாம் சுற்று 540 என்றது. பதறத் தேவையில்லை. மாதிரி அளவு அவ்வளவு சிறியது என்பதால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தற்செயலாகவே வந்திருக்கலாம் என்றது அந்த ஆய்வறிக்கை. இப்படி ஆடும் எண்ணை அடித்தளமாக வைத்து அதன் மேல் நான்கில் மூன்று பங்கு என்று துல்லியமாகக் கட்டடம் எழுப்பினோம்.

சரி, இப்போது தொடக்க எண் ஓரளவு நம்பும்படி இருக்கிறது. அப்போதாவது சதவீத முறை சரியாக வேலை செய்யுமா? 2010 நிலையிலிருந்து 2030-க்குள் மூன்றில் இரண்டு பங்கு குறைப்பது என்பது உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்குச் சொன்ன வழிமுறை. அதை மாநிலங்களுக்குப் போட்டுப் பார்த்தேன். 2010–12-ல் அசாம் 328, தமிழ்நாடு 90. மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்றால் அசாமுக்கு 109, தமிழ்நாட்டுக்கு 30. பிறகு, சும்மா ஒரு சந்தேகத்துக்காக, 2001–03-லிருந்து 2018–20 வரை இவ்விரு மாநிலங்களும் குறைத்த வேகத்தையே 2030 வரை நீட்டினேன். அசாமுக்கு 107, தமிழ்நாட்டுக்கு 30. கணக்கைத் திரும்ப ஒருமுறை சரிபார்த்தேன். தவறு இல்லை. மூன்றில் இரண்டு பங்கு என்று கேட்கப் பெரிதாக இருக்கும் இலக்கு, இந்த இரண்டு மாநிலங்களும் ஏற்கனவே செய்துகொண்டிருப்பதைத் தாண்டி எதையும் கேட்கவில்லை. அதோடு, அசாமில் பிரசவத்துக்குப் போகும் பெண் 2030-லும் தமிழ்நாட்டுப் பெண்ணைவிட மூன்றரை மடங்கு ஆபத்தில் இருப்பாள் என்பதை இலக்கு என்ற பெயரில் நாமே ஒப்புக்கொள்கிறோம். எனக்கு இந்த முறையில் உறுத்துவது இதுதான்.

அமெரிக்காவும் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை அங்கே ‘ஹெல்தி பீப்பிள்’ என்ற பெயரில் தேசிய சுகாதார இலக்குகள் வகுக்கப்படுகின்றன. 2000-க்கான பட்டியலில் கறுப்பினத்தவர் போன்ற சில பிரிவினருக்குத் தனி இலக்குகள் வைத்தார்கள். பின்தங்கியவருக்குப் பின்தங்கிய இலக்கு. 2010-க்கான பட்டியலில் அதை எடுத்துவிட்டு, எந்தப் பிரிவு இன்று முன்னணியில் இருக்கிறதோ அதைவிடவும் மேலான ஓர் எண்ணை எல்லோருக்கும் பொதுவாக வைத்தார்கள். 2020-க்கான பட்டியலில் மறுபடியும் இறங்கி வந்து, வேறு ஆதாரம் கிடைக்காத இடங்களில் 10 சதவீத முன்னேற்றம் என்று போட்டுவிட்டார்கள். ஏன் 10? முழு எண்ணாக இருப்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ‘முன்னணியில் இருப்பவரைப் போல’ என்ற வழியை இங்கே பொருத்தினால் எல்லோருக்கும் கேரளத்தின் 19 இலக்கு. மனசுக்குப் பிடித்த வழி. ஒரு மாநிலத்துப் பெண்களால் முடிந்தது மற்ற மாநிலத்துப் பெண்களுக்கும் உரிமை என்று சொல்கிறது. ஆனால் அசாம் 195-லிருந்து 11 ஆண்டில் (2018–20-ன் நடு ஆண்டான 2019-லிருந்து 2030 வரை) 19-க்கு வர, ஆண்டுக்கு 19 சதவீதம் குறைய வேண்டும். அப்புறம், அந்த 19-ஐயே கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். எஸ்ஆர்எஸ் நாடு முழுவதும் பார்ப்பது ஏறத்தாழ 80 லட்சம் பேரை. ஒரு மாநிலத்துக்குச் சில லட்சம் பேர்தான். கேரளம் போலப் பிறப்பு குறைந்த மாநிலத்தில் மாதிரிக்குள் மூன்றாண்டில் 15,000 குழந்தைகள் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். 19 என்ற விகிதத்துக்கு அங்கே எத்தனை தாய்மார் இறந்திருக்க வேண்டும்? மூன்று பேர். இன்னும் இரண்டு பேர் கூடியிருந்தால் விகிதம் 33. கேரளம் நன்றாகச் செய்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 19-க்கும் 33-க்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு தேசத்தின் இலக்கைத் தொங்கவிடலாமா என்பதே சந்தேகம்.

முன்கணிப்பு முறைக்கு வருகிறேன். பல புள்ளியியலாளர்களுக்குப் பிடித்தது இது. பழைய எண்களை வைத்துக் கோடு வரைந்து, அது 2030-ல் எங்கே போகிறது என்று பார்ப்பது. இதில் ஒரு பொறி உண்டு, நானே தொடக்க காலத்தில் அதில் மாட்டியிருக்கிறேன். 301-லிருந்து 97 வரை 17 ஆண்டில் 204 புள்ளி குறைந்தது, ஆண்டுக்கு 12. இதை நேர்கோடாக நீட்டினால் 2027-ல் இந்தியாவில் எந்தத் தாயும் இறக்கமாட்டாள். 2030-ல் விகிதம் மைனஸ் 35. அபத்தம் கண்ணுக்கே தெரிகிறது என்பதால் யாரும் ஏமாறுவதில்லை என்று நினைக்காதீர்கள். ஐந்தாண்டு போன்ற குறுகிய காலத்துக்கு நேர்கோடு போடும்போது அபத்தம் வெளியே தெரியாது, தவறு மட்டும் உள்ளே இருக்கும். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டால் கோடு வளைந்து, மெல்ல மெல்லத் தணிகிறது. ஆண்டுக்கு 6.4 சதவீதம் என்ற அந்தக் கணக்கில் 2030-ல் 47 வருகிறது.

அதாவது பழைய வேகத்தில் போனாலே 47. நாம் பிடித்துக்கொண்டிருக்கும் இலக்கு 70. இடையில் 23 புள்ளி, ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். தேசிய அளவில் 70-ஐக் கொண்டாடுவது என்பது வேகம் குறைந்ததைக் கொண்டாடுவதாகத்தான் முடியும். வேகம் குறைந்தும் இருக்கிறது. 2019–21-ல் 93, 2020–22-ல் 88. ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. இந்த ஆண்டுகளில்தான் கொரோனா வந்தது. இந்தப் புதிய வேகத்தை நீட்டினால் 2030-ல் 57. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எடுத்துக் கோடு போடுகிறோம் என்பதிலேயே பத்துப் புள்ளி மாறிவிடுகிறது. ஆகவே முன்கணிப்பு தருபவர் ஒரே எண்ணைத் தந்தால் வாங்காதீர்கள். எந்தக் காலத்தை எடுத்தார், ஏன் எடுத்தார் என்று கேளுங்கள்.

இன்னொரு முறையையும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. உண்மையான மாற்றமா, தற்செயலா என்று பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய மாற்றம் எதுவோ அதையே இலக்காக வைப்பது. அமெரிக்காவின் 2030 பட்டியலில் இதுவும் ஒரு முறை. ஆய்வாளருக்கு வசதி. ஆனால் மாதிரி பெரிதாக ஆக இந்த இலக்கு சிறிதாகும், அதாவது நன்றாக எண்ணும் நாடு குறைவாக உழைத்தால் போதும். தாய் இறப்புக்கு இதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் இந்த முறைக்குப் பின்னால் இருக்கும் எச்சரிக்கை நமக்கு மிகவும் தேவை. 97 என்ற எண்ணையே எடுங்கள். 80 லட்சம் பேரில் மூன்றாண்டில் ஏறத்தாழ 4.7 லட்சம் பிறப்பு, 450-ஐ ஒட்டிய தாய் இறப்பு. அந்த அளவு எண்ணிக்கைக்குத் தற்செயல் ஆட்டம் இரு பக்கமும் சுமார் 9 புள்ளி. உண்மை 88-ஆகவும் இருக்கலாம், 106-ஆகவும் இருக்கலாம். 100-ஐத் தாண்டிவிட்டோம் என்று 2022-ல் அறிவித்தபோது அந்த அறிவிப்பில் இந்த ஆட்டத்துக்கு இடம் இருந்திருக்க வேண்டும்.

நான் எடுக்கச் சொல்லும் வழி வேறு ஒன்று. எங்கே நிற்க வேண்டும் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு வேகம் மனிதர்களால் முடிந்திருக்கிறது என்று கேட்பது. இதற்கு நல்ல சான்று பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கை 1930-களிலிருந்து தாய் இறப்பு விகிதத்தை 6 முதல் 12 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாக்கிக்கொண்டே வந்தது. பணக்கார நாடாக ஆன பிறகு செய்த காரியம் இல்லை. ஊர் ஊராகப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், இலவச மருத்துவம், ஒவ்வொரு இறப்பையும் விசாரிக்கும் பழக்கம், இவற்றால் வந்த வேகம். 12 ஆண்டுக்குப் பாதி என்றால் ஆண்டுக்கு 5.6 சதவீதம். 6 ஆண்டுக்குப் பாதி என்றால் கிட்டத்தட்ட 11 சதவீதம். இந்தியாவின் நீண்டகால வேகம் இதன் கீழ்முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது அசாமுக்குத் திரும்புவோம். மேல்முனை வேகத்தில் 195-லிருந்து 11 ஆண்டு போனால் 55. அதாவது தமிழ்நாடு 2018–20-ல் நின்ற இடம். இந்த எண் எனக்குப் பிடித்திருக்கிறது. அது 109 போல ஏற்றத்தாழ்வை எழுதி வைக்கவில்லை, 19 போல வானத்தைக் காட்டவும் இல்லை. இன்னொரு நாடு உண்மையில் ஓடிய வேகத்தில், இன்னொரு மாநிலம் உண்மையில் நின்ற இடத்துக்குப் போகச் சொல்கிறது. விகிதம் 150-க்கு மேல் உள்ள மாநிலங்களுக்கு இந்த மேல்முனை வேகத்தையே கேட்கலாம், பணமும் ஆளும் அந்த அளவுக்குக் கூடவே போனால். அது போகாமல் எண் மட்டும் போனால் மறுபடியும் 2000-ன் கதைதான்.

குறைந்த விகிதத்தில் இருக்கும் மாநிலங்களுக்கு அதே வேகத்தைக் கேட்பது சரியாக வராது. எளிதில் தடுக்கக்கூடிய இறப்புகளைத் தடுத்த பிறகு மிஞ்சுபவை இதய நோய், சிக்கலான உயர் ரத்த அழுத்தம் போன்ற கடினமானவை. தமிழ்நாட்டுக்கு முன்கணிப்பு தரும் 30 என்பது பழைய வேகத்திலேயே வந்து சேரும் இடம். அதற்குக் கீழே ஓர் எண்ணைக் கேட்க வேண்டும், எவ்வளவு கீழே என்பதை இறப்பு விசாரணைகளில் ‘தடுத்திருக்கலாம்’ என்று எழுதப்பட்ட இறப்புகளின் பங்கைக் கொண்டு முடிவு செய்யலாம். இறப்பு விசாரணை அங்கே 1990-களிலிருந்து பழகிப்போன ஒன்று. கோடு வரைவதைவிட அந்தக் கோப்புகளைப் படிப்பது பயன் தரும்.

தேசிய எண்ணையும் மாநில எண்களையும் வைத்த பிறகு யாராவது ஒருவர் கட்டாயம் செய்யப் போகும் காரியம் ஒன்று இருக்கிறது. மாநில எண்ணை மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆண்டுக்கு 20,000 பிரசவம் நடக்கும் ஒரு மாவட்டம், அங்கே உண்மையான ஆபத்து 50. சராசரியாக ஆண்டுக்கு 10 இறப்பு. எதுவுமே மாறாமல், எல்லோரும் ஒரே மாதிரி உழைத்தாலும், இருபது ஆண்டில் பத்தொன்பதில் அந்த எண் 4-லிருந்து 16 வரை எங்கேயும் விழும். விகிதமாகச் சொன்னால் 20 முதல் 80 வரை. முந்தைய ஆண்டு 9, இந்த ஆண்டு 13 என்று வந்தால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இப்படி 9-லிருந்து 13 ஆன ஒரு மாவட்டத்தின் ஆய்வுக் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். திரையில் அந்த மாவட்டம் சிவப்பு. பேச்சு முழுக்க அந்தச் சிவப்பைப் பற்றியே போனது. வெளி மாவட்டத்துக்காரரின் இறப்பு நம் கணக்கில் வந்துவிட்டதா, முகவரியைச் சரிபார்த்தீர்களா, காரணம் இதயம் என்று எழுத வாய்ப்பு உண்டா என்றெல்லாம் கேள்விகள் வந்தன. எண்ணுக்காகத் தண்டிக்கும் இடத்தில் முதலில் குறைவது எண்தான்.

பின்வரிசையில் இருந்த ஒரு கிராம சுகாதார செவிலியர் தன் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். அவர் பகுதியில் இறந்த பெண்ணைப் பற்றி நேரம் நேரமாக எழுதியிருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தை பிறந்தது 2.10. ரத்தப்போக்கைக் கவனித்தது 2.25. 108-க்கு ஃபோன் செய்தது 2.50. தாலுகா மருத்துவமனை போய்ச் சேர்ந்தது 3.35. அங்கே அந்த வகை ரத்தம் இல்லை என்று சொன்னது 3.50. மருத்துவக் கல்லூரி 5.05. அதற்குக் கீழே எதுவும் எழுதவில்லை. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

மாவட்டத்துக்கு ஓர் இலக்கு வேண்டுமென்றால் அது அந்த நோட்டில் இருக்கிறது. ரத்தப்போக்கைக் கவனித்ததிலிருந்து முதல் பாட்டில் ரத்தம் ஏறும் வரை எத்தனை நிமிடம்? மாவட்டத்தில் இறப்பு பத்துதான், ஆனால் கடும் ரத்தப்போக்கு நூற்றுக்கணக்கான பேருக்கு வருகிறது. அத்தனை பேருக்கும் இந்த நிமிடங்களை அளக்கலாம். எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் தற்செயல் ஆட்டமும் குறைவு, மாற்றம் வந்தால் மூன்றே மாதத்தில் தெரியும். 2030-ன் தாய் இறப்பு விகிதம் நம் கைக்கு வர 2032 ஆகிவிடும். 2.25-க்கும் 5.05-க்கும் நடுவில் இருக்கும் இரண்டு மணி நாற்பது நிமிடத்தை அடுத்த மாதக் கூட்டத்திலேயே திரையில் போடலாம்.